நாலு ஊருக்கு ஒரு டீச்சர்

நல்லம்பள்ளிப் பக்கத்து அங்கன்வாடி டீச்சர் அமுதவல்லிக்கு இன்னும் இரண்டு ஊர்களைக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தார்கள். மறுநாள் காலை அவள் மூன்று பேராக பஸ் ஸ்டாப்பில் நின்றாள். யாரும் அலறவில்லை. பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் கண்டக்டருக்கும் வம்பில்லை.

பழைய டீச்சர்கள் ஓய்வு பெற்ற பிறகு அந்த இரண்டு மையங்களும் பூட்டியே கிடந்தன. வாசலில் பிள்ளைகள் ஓணான் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அமுதவல்லிக்குப் பொறுக்கவில்லை. புது ஆள் போடுகிறவரைக்கும்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள். பாவி மகள், அங்கேதான் தப்புப் பண்ணினாள். டீச்சர் கேட்டு மனு கொடுக்கக் கிளம்பிய பெற்றோரை, "நாந்தான் இருக்கறனுங்களே, எதுக்குங்க அலையறீங்க" என்று அவளே திருப்பி அனுப்பினாள்.

ஆள் மூன்றானாலும் அவளுக்குள் இருந்தது பழைய அளவுதான். பாட்டெல்லாம் ஒருத்தியோடு போயிற்று, எழுத்து இன்னொருத்தியோடு. மூன்றாமவளுக்குச் சத்துமாவு கிண்டவும் எடை பார்க்கவும் மட்டுமே தெரிந்தது. ஓர் ஊர்ப் பிள்ளைகள் நாளெல்லாம் பாடினார்கள், எழுதத் தெரியாது; அடுத்த ஊரில் எழுதினார்கள், வாய் திறக்கவில்லை. ஜீப்பில் வந்த அதிகாரி மூன்று இடத்திலும் டீச்சரைப் பார்த்தார். இந்தப் பக்கம் காலியிடமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆள் போடும் பேச்சு அதோடு நின்றது.

சாயங்காலம் மூவரும் ரோட்டோரம் சேர்ந்து ஒருத்தியாகி வீடு திரும்புவார்கள். மகள் சுமித்ராவுக்கு அந்த அம்மா போதும். ஆனால் அடுத்த வருடம் தொப்பூர்க் கணவாய்க்கு அப்பால் நாலாவது ஊரையும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் நாலாமவளோடு போயின. கணவாயில் லாரி கவிழ்ந்து பஸ் நின்ற நாட்களில் அவள் அங்கேயே தங்கினாள். பிறகு வருவதையே விட்டுவிட்டாள். புருஷன் மாது ஆபீசுக்குப் போய்க் கத்தினான்: "எம்பொண்டாட்டிய முழுசா வூட்டுக்கு அனுப்புங்க சார்!"

"முக்காவாசி வருதில்லப்பா?" என்றார்கள்.

இப்போது யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. எங்கேயாவது டீச்சர் ஓய்வு பெற்றால், அமுதவல்லியில் ஒன்றை அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள். சாயங்காலம் மிச்ச அமுதவல்லி வீடு வந்ததும் சுமித்ரா கைகட்டி நின்று, "எம்பேரு சுமித்ராங்க டீச்சர்" என்கிறாள்.

"நல்ல பேரு கண்ணு. யாரு வெச்சாங்க?"

"எங்கம்மாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறாள்.