பக்தவச்சலம் வீட்டுக் குளம்

சாரதாம்பாள் மீன்தொட்டியின் கண்ணாடியில் படிந்த பாசியை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டிய இடத்தில் ஒரு கெண்டைக் குஞ்சின் கண் தெரிந்தது. மறுகணம் அதுவும் பச்சைக்குள் மறைந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்றார் அப்பா பக்தவச்சலம், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். "அப்பவும் இப்படியே கீதுன்னா மீனெல்லாம் ஏரிக்கு. தொட்டில ரேஷன் அரிசி கொட்டி வெச்சிக்கலாம்."

அவள் தலையாட்டினாள். விலங்கியலில் பி.எஸ்ஸி. முதல் வகுப்பு, ஆனால் வீட்டு மனிதர்களிடம் பேசியதைவிடத் தொட்டியிடம் பேசியதுதான் அதிகம். பாலாற்று மணல் பரப்பி, கொளவாய் ஏரிச் செடிகளை ஒவ்வொன்றாக நட்டிருந்தாள். பாசி பிடித்ததும் வெயிலை மறைக்க ஜன்னலில் அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டினாள். தண்ணீரை மாற்றினாள். செடி இளைத்தது, பாசி கொழுத்தது.

யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவது அவள் வழக்கம். அன்று தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்ததால் தப்ப வழியில்லை. எதிர்வீட்டு முனியம்மா வந்து, முந்தானையிலிருந்து ஒரு கைப்பிடி பொரியைத் தொட்டியில் தூவிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு வெல்லக்கட்டியைப் போட்டு, மோவாயிலிருந்த மருவைத் தடவினாள்.

"இந்த மரு வெல்லமா கரையணும் சாமி. திருக்கழுக்குன்றம் கொளத்துக்குன்னா பஸ் ஏறணும். நீ எதுத்த வூட்லயே கீறே."

பாசிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்பது சாரதாம்பாளுக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்ல வாயெடுத்தாள். முனியம்மா போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வாளியை எடுக்கத் திரும்பினால் வாசலில் முனியம்மா, பின்னால் நாலு பெண்கள், ஆளுக்கொரு வெல்லம்.

"மரு வுழுந்துடுச்சு பாருங்கடி! மீனுங்க எப்படி வாயத் தொறந்து கேக்குதுங்க!"

இந்த வெல்லமும் விழுந்தால் வெள்ளிக்கிழமைக்கு மீனே இருக்காது. சாரதாம்பாள் இரண்டு கைகளையும் தொட்டிக்கு மேல் விரித்தாள்.

"போடாதீங்க!"

அப்பாவின் கையிலிருந்து பேப்பர் நழுவியது. முனியம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"யக்கா, கேட்டியா? இந்தப் பொண்ணு கொரல இத்தினி வருஷத்துல நான் கேட்டதே இல்ல. பேச வெச்சிடுச்சுடி! இன்னா சக்தி!"

"சக்தி இல்லீங்க. வெல்லம் கரைஞ்சா தண்ணில காத்து கொறையும். மூச்சு முட்டி செத்துடும்."

"இன்னும் பேசுது" என்றாள் ஒருத்தி, கண்ணைத் துடைத்தபடி.

பெண்கள் நெருங்கி வந்தார்கள். அவர்கள் பிடியில் வெல்லம் இளகி விரலிடுக்கில் கசிந்தது. அவள் கைகளை இன்னும் தாழ்த்தித் தண்ணீரின் மேல் பரப்பினாள். உள்ளங்கைகளில் சின்னச் சின்ன வாய்கள் முட்டிக்கொண்டிருந்தன.