ப்ளீச்சிங்கில் ஊறிய பெல்ட்

"அந்தச் சனியன வூட்டுக்குள்ள கொண்டாராதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?" திலகவதி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

சனியன் என்றது உயரத்தில் வேலை செய்பவர்கள் மாட்டும் பாதுகாப்பு பெல்ட்டை. அவள் கணவன் தெய்வசிகாமணி அதை மறுபேச்சில்லாமல் வாசல் வாளியில் போட்டான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் புதுக் குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கேயோ வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் சுவர்களைக் கிரேன் தூக்கிக் கொடுக்கும். மூன்றாம் மாடியில் நின்று பிடித்துப் பொருத்த வேண்டும். ஒரு நாள் தெய்வசிகாமணி, மறுநாள் காலனியிலிருந்து வரும் கலியன். கான்ட்ராக்டர் மகராசன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெல்ட் கொடுத்திருந்தார். கலியன் கழற்றிப் போட்டதும் அது இங்கே வந்து, மஞ்சளும் ப்ளீச்சிங் பவுடரும் கரைத்த தண்ணீரில் விடியவிடிய ஊறும். ஆறு மாதமாக இந்தக் கூத்துதான்.

ஒரு காலையில் அதை மாட்டிக்கொண்டு ஏறப்போன தெய்வசிகாமணியை இசைப்பிரியா நிறுத்தினாள். பாதுகாப்பு மேற்பார்வைக்குப் புதிதாக வந்தவள். கலியன் குடியிருக்கும் காலனிப் பெண்.

"ஏண்ணே இது இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"தொவைச்சோம். சுத்தம் வேணாமா?"

அவள் ஓர் ஆள் எடைக்கு மணல் மூட்டையைப் பெல்ட்டில் கட்டி, சாரத்திலிருந்து தள்ளிவிட்டாள். ப்ளீச்சிங்கில் இற்றுப்போன தையல் பிரிந்து மூட்டை தரையில் சிதறியது. தெய்வசிகாமணி பிரிந்த தையலைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"நேத்து இதை நம்பித்தான நான் மேல நின்னுகினு இருந்தேன்," என்றான், அன்று கீழ் வேலையில் இருந்த கலியன். "எனக்கு மூணு பொண்ணுங்க."

சைட் மேனேஜர் சசிகுமார் வந்து காரணத்தைக் கேட்டார். கலியன் போட்டதை வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்று தெய்வசிகாமணி இழுத்தான். அவருக்கு நன்றாகவே புரிந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

ஒரு மணி நேரத்தில் இரண்டு புது பெல்ட்டுகள் வந்தன.

"ஆளுக்கு ஒண்ணு. பேர் எழுதி வெச்சிடும்மா, கலந்துடப் போவுது," என்று சசிகுமார் இசைப்பிரியாவிடம் ஒரு மார்க்கரை நீட்டினார்.

கலியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வுழுந்து செத்துடுவோம், இன்னொண்ணு குடுங்கன்னு ஆறு மாசமா கேட்டோம், வரல. தீட்டுன்னதும் ஓடியாந்துடுச்சி பாருங்க."

இசைப்பிரியா மார்க்கரை வாங்கி, பேர் எழுதாமலே தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்று இரண்டு பேரும் ஏறினார்கள். சாயங்காலம் இரண்டு பெல்ட்டையும் அவளே வாங்கி ஒரே ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் கலியன் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டான். மிச்சமிருந்ததைத் தெய்வசிகாமணி திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மோந்து பார்த்தான். வியர்வை நாற்றம்தான் அடித்தது.

"இது என்னுதாம்மா?"

"தெரியலண்ணே. ரெண்டுமே ஆளத் தாங்கும்."

கிரேன்காரன் ஹாரன் அடித்தான். தெய்வசிகாமணி மணல் சிதறிக் கிடந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பெல்ட்டுக்குள் கையை நுழைத்தான்.

"வூட்டுல மட்டும் சொல்லிடாதம்மா."

"இறுக்கிப் போடுங்கண்ணே," என்றாள் அவள்.