மூடிக்கு அடியில் வெள்ளை

சூளை இன்னும் ஆறவில்லை. ஜாக்குலின் மறுபடியும் எழுந்து போய்க் கதவருகே கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கொழந்தைக்கு ஜொரம் அடிக்கிற மாதிரி இன்னாடீ தொட்டுத் தொட்டுப் பாத்துகினு கீற?" என்றாள் அம்சா. அவள் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மறைமலைநகரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இருவரும். கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்கி வழிந்தபடி போட்ட திட்டம்தான் சதுரங்கப்பட்டினத்து இந்தத் தகரக் கொட்டகையும், உள்ளே நிற்கும் காஸ் சூளையும். உப்பு ஜாடி, ஊறுகாய் ஜாடி என்று மூடியுள்ள சாமான்களே அதிகம் போயின. வனைவது அம்சா. மூடி ஜாக்குலினின் பொறுப்பு.

தனித்தனியாகச் சுட்டால் ஜாடி ஒரு பக்கம் வளையும், மூடி வேறு பக்கம் வளையும், பிறகு பொருந்தாது. அதனால் மூடியைப் போட்டே சுடுவார்கள். ஆனால் அந்தச் சூட்டில் மேலே பூசிய கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு உருகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க மூடி உட்காரும் விளிம்பில் கிளேஸை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, அலுமினாப் பொடியைக் கரைத்துப் பிரஷ்ஷால் ஒரு வெள்ளைக் கோடு இழுக்க வேண்டும். மூடியபின் யாரும் திறந்து பார்ப்பதில்லை. திறக்கும்போது ஒரு துணுக்கு வெள்ளை உள்ளே விழுந்தாலும் கிளேஸ் சொரசொரத்துப் போகும்.

முந்தாநாள் பெரிய ஜாடியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அம்சா பின்னாலிருந்து சொன்னாள்: "ஜாக்கு, பாண்டிச்சேரில ஒரு பட்டறைல என்னச் சேத்துக்கறாங்களாம். மாதிரிக்கு ஒரு ஜாடி எடுத்தாரச் சொல்லிகீறாங்க. இதத்தான் கொண்டு போப்போறேன்."

"நல்லதுதானே," என்றாள் ஜாக்குலின். விளிம்பைத் துடைத்தது இப்போதும் நினைவிருந்தது. மூடியின் கனம் கையில் இருந்தது. நடுவில் வெள்ளை இழுத்தாளா? அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

மறந்துவிட்டேன் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். மற்ற ஜாடிகளுக்கெல்லாம் மறக்காத கை இதற்கு மட்டும் எப்படி மறந்தது? மூடி ஒட்டியிருந்தால் அம்சா போகமாட்டாள் என்று உள்ளுக்குள் எங்கோ ஓர் இடம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அந்த நிம்மதிதான் அவளை ஓரிடத்தில் இருக்கவிடாமல் துரத்தியது. வாசலுக்குப் போனாள், தண்ணீர் குடித்தாள், கழுவிய பிரஷ்ஷையே மறுபடி கழுவினாள்.

"அம்சா, உன் ஜாடிக்கு நான் வெள்ளை போடலன்னு நெனைக்கிறேன்."

அம்சாவின் கை நின்றது. "இன்னா சொல்ற?"

"நீ போறேன்னு சொன்ன. அப்போ…"

"அப்போ?"

"தெரியல."

"மத்ததுக்கெல்லாம் போட்டியா?"

"போட்டேன்."

அம்சா சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "ஊருகா ஜாடிக்கெல்லாம் ஞாபகம் வந்துகீது. என்னுதுக்குத்தான் வரல."

மதியத்துக்கு மேல் சூளையைத் திறந்தார்கள். சின்ன ஜாடிகளின் மூடிகள் தொட்டதும் வந்தன. பெரிய ஜாடியின் மூடியைப் பிடித்து அம்சா மெல்லத் தூக்கினாள். ஜாடியும் கூடவே எழுந்தது.

அதை ஜாக்குலினின் மடியில் வைத்து, ஒரு கட்டைத் துண்டைக் கையில் கொடுத்தாள். "நீதான மூடுன. நீயே தொற."

"ஒடைஞ்சிடுமோன்னு பயமா கீதுடீ."

"ஒடைஞ்சா நான் போவமாட்டேன்னு நெனச்சியா? வெறுங்கையோட போயாவது அவங்க வாசல்ல நிப்பேன்." அம்சா முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

ஆக, ஒட்டிய மூடியால் ஜாக்குலினுக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. கட்டையைக் கீழே வைத்துவிடலாம். அவள் வைக்கவில்லை. ஜாடியை மடியில் திருப்பித் திருப்பி மூடியின் ஓரத்தைச் சுற்றித் தட்டினாள். ஓங்கினால் விளிம்பு போய்விடும். பயந்து தட்டினால் எதுவும் அசையாது. சத்தம் மந்தமாகவே வந்துகொண்டிருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவும் மனம் வரவில்லை.

திடீரென்று சத்தம் மாறியது. மணி மாதிரி கணீரென்று ஒலித்தது.

"அம்சா! வுட்டுகிச்சுடீ! வுட்டுகிச்சு!"

கத்திய பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. அதில் கள்ளம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. திறக்க வேண்டும் என்றுதான் தட்டியிருக்கிறாள்.

அம்சா வந்து விளிம்பில் விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் நகக்கண் அளவு மண் மூடியோடு பெயர்ந்து போயிருந்தது.

"கல்லு வெச்சுத் தேச்சா தெரியாது. குடு, நான்…" என்று கையை நீட்டினாள் ஜாக்குலின்.

"நீ கைய வெக்காத. நான் தேச்சுக்கறேன்."

ஜாடியைத் தன் சேலையிலும் மூடியைத் துண்டிலுமாகத் தனித்தனியே சுற்றினாள் அம்சா. ஜாக்குலின் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, சூளையில் மிச்சமிருந்த ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒவ்வொன்றின் மூடியையும் ஒருமுறை திறந்து மூடினாள்.