இடது மூலைக்குப் போகாத பந்து

லாயிட் கிரெப்ஸ் இருபத்தாறு வருடமாகச் செய்துவந்த வேலை, பெண் பார்க்கப் போகிற வேலைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கல்லூரி கல்லூரியாகக் காரோட்டிப் போவார். பையன்கள் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்து, தொழில்முறை அணிக்கு இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று எழுதிக் கொடுப்பார். ஜூன் மாத டிராஃப்டில் அணிகள் வரிசையாக ஆளெடுக்கும்போது, அவர் எழுதிய நாலு வரி எவனோ ஒருவனுடைய தலையெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பிப்ரவரியில் அவர் டாரியன் பிக்கெட்டைப் பற்றி எழுதியது இது: "பாயிண்ட் கார்டு. கால் வேகம், கை சுத்தம். ஆனால் கண் போதாது. இடது மூலையில் மறிக்க ஆளின்றி நின்ற ஹோஸ்டெட்லருக்குப் பதினோரு தடவை பந்தைக் கொடுத்திருக்கலாம். ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. பாதி மைதானம் இவன் பார்வையில் விழுவதே இல்லை."

பந்தைக் கொண்டுவந்து யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவன்தான் பாயிண்ட் கார்டு. அவனுக்குக் கண் போதாது என்பது, சமையற்காரனுக்கு நாக்கு சரியில்லை என்று சொல்வது மாதிரி. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அந்தத் தாளின் அடியில் ஒரு கட்டம் இருக்கும்: வார்ம்-அப் (ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி) பார்த்தீர்களா? லாயிட் 'ஆம்' என்று குறித்திருந்தார்.

பார்க்கவில்லை. இண்டியானாவின் சோள வயல்களுக்கு நடுவே இருந்த டாரியனின் சின்னக் கல்லூரிக்கு, பனியில் காரோட்டி, இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தார். பத்திரிகைக்காரர்களின் சாப்பாட்டு அறையில் ரொட்டியைவிடப் பெரிதாகப் பொரித்த பன்றிக்கறித் துண்டும், சர்க்கரைப் பாலேடு ஊற்றிச் சுட்ட இனிப்பும், பழைய சேக்காளிகள் இரண்டு பேரும் கிடைத்தார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியோடு உட்கார்ந்துவிட்ட கதைதான். பந்தை மேலே எறிந்து ஆட்டம் தொடங்கியபோதுதான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். 'வீடியோவில் இல்லாததெல்லாம் வார்ம்-அப்பில்தான் இருக்கிறது' என்று மேடைதோறும் சொன்னவரும் அவரேதான். ஊருக்குத்தானே உபதேசம்.

டிராஃப்ட் வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு, டாரியனின் குணம் எப்படி என்று வழக்கம்போல் விசாரிக்க, அந்தக் கல்லூரி அணிக்குக் கட்டுப்போடும் லானியைக் கூப்பிட்டார்.

"குணமா? வெஸ் ஹோஸ்டெட்லர் கைய நீதான் பாத்தியே, அப்புறம் என்ன கேள்வி?" என்றார் லானி.

"எந்தக் கை?"

"யோவ், வெளையாடாத. வார்ம்-அப்ல ஒரு பந்துகூட அவன் போடலையே. மணிக்கட்டுல எலும்பு விண்டிருந்துச்சு. கோச்சுகிட்ட சுளுக்குன்னு சொல்லி வெச்சிருந்தான். வெளிய உக்கார வெச்சுட்டா கடைசி வருஷம் போச்சு, அப்பா அம்மா நூறு மைல் வண்டியோட்டி வர்றாங்கன்னு ஒரே அழுகை. டாரியன்தான், 'நீ சும்மா மூலையில நில்லுடா, பந்து ஒன்கிட்ட வராது, நான் பாத்துக்கறேன்'னான். ஆறு வாரம் கோச்சுகிட்ட ஏச்சு வாங்கினான், வாயத் தொறக்கல. நானும் தொறக்கல, அது வேற கத. குருடனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்யா, நீ கவனிக்கலையா?"

"பாத்தேன், பாத்தேன்," என்று சொல்லி லாயிட் போனை வைத்தார். காது இரண்டும் சுட்டன.

அறிக்கையைத் திருத்த அன்று முழுதும் அவகாசம் இருந்தது. கணினியைத் திறக்கவும் செய்தார். திருத்தினால், 'அங்கேயே இருந்தும் இது எப்படித் தெரியாமல் போனது?' என்று கேட்பார்கள். மூடிவிட்டார்.

திங்களன்று டாரியன் லாயிட்டின் அணி அலுவலகத்துக்குத் தேர்வுக்கு வந்தான். பயிற்சி மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தபின், முழங்காலில் ஐஸ் பையோடு கூட்ட அறையில் உட்காரவைத்தார்கள். ஆளெடுக்கும் பொறுப்பு முழுக்க ரெனீ ஆல்ட்மனுடையது. லாயிட்டைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஒரு வார்த்தையை வீணாக்காதவர்.

"இடது மூலை," என்றார் ரெனீ. "பாக்கலையா, பாத்தும் குடுக்கலையா?"

"என் தப்பு மேடம். குடுத்திருக்கணும்."

"அந்தப் பையனுக்கு அடிகிடி ஏதாவது?"

டாரியன் ஐஸ் பையைத் திருப்பி வைத்தான்.

"லாயிட் அன்னிக்கு வார்ம்-அப் முழுக்க இருந்தாரு. அவன் நல்லா இருந்தானா, லாயிட்?"

சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று லாயிட்டுக்குத் தெரிந்தது. "நல்லாத்தான் இருந்தான்," என்றது அவர் வாய்.

டாரியன் திரும்பி அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமில்லை. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், மேடம்," என்றான்.

அவன் விடைபெற்றுப் போனதும் ரெனீ சுவரிலிருந்த பெரிய பலகைக்குப் போய், அன்றைய ஓட்டத்தைப் பார்த்து இரண்டாம் வரிசைக்கு ஏற்றி வைத்திருந்த டாரியன் பெயர்த் தகட்டை எடுத்துக் கடைசி வரிசையில் ஒட்டினார். லாயிட் எழுந்து வெளியே நடந்தார். லிஃப்ட் அருகே அவனைப் பிடித்தார்.

"ஏன்பா சொல்லல?"

"வெஸ் ஒரு ஸ்கூல்ல கோச்சா சேரப் போறான் சார். பொய் சொல்லி ஆடுனான்னு வெளிய வந்தா அவன் கத முடிஞ்சுது."

"அது சரி. என்னப் பத்தி?"

டாரியன் தயங்கினான். "உங்க நாற்காலியில உங்க டீம் பேரு ஒட்டியிருந்துச்சு சார். கோர்ட்டுல எறங்குனதும் நாங்க மொதல்ல அதத்தான் பாப்போம். அன்னிக்கு ஒரு மணி நேரம் அந்த வெறும் நாற்காலிக்குத்தான் ஆடிக் காட்டினேன்."

"அப்ப உள்ள ஏன்..."

"உங்களுக்கும் வேலைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்."

லிஃப்ட் வந்தது. கை கொடுத்துவிட்டுப் போனான்.

லாயிட்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இருபத்திரண்டு வயதுப் பையன் வெஸ்ஸைக் காப்பாற்றிய மாதிரியே அவரையும் காப்பாற்றிவிட்டுப் போயிருந்தான், அதுவும் தன் பிழைப்பைக் கொடுத்து. வெஸ்ஸுக்காவது எலும்பு விண்டிருந்தது. தனக்கு என்ன கேடு என்று யோசித்தார். வாயில் பிப்ரவரி மாதத்துப் பன்றிக்கறியின் ருசிதான் வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "ரெனீ, அன்னிக்கு வார்ம்-அப்ல நான் இல்ல."

"எங்க இருந்தீங்க?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

மேசையைச் சுற்றியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். லாயிட் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எலும்பு விண்டது, ஞாயிற்றுக்கிழமையே தனக்குத் தெரிந்தது, சற்றுமுன் சொன்னது பொய் என்பது வரை. தலை குனிந்தே இருந்தது.

ரெனீ பலகைக்குப் போய்க் கடைசி வரிசையிலிருந்து டாரியனின் தகட்டை உரித்தார். மேலே ஒட்டவில்லை, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பலகையில் அறுபது பெயர்கள். லாயிட் நேரில் பார்த்து எழுதிய பெயர்களுக்கெல்லாம் பச்சைப் பொட்டு வைத்திருக்கும்.

"இவன் ஒருத்தன் மட்டுந்தானா, லாயிட்?"

அவர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். "இல்ல," என்றார்.

ரெனீ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. மேலேருந்து ஒவ்வொருத்தனா சொல்லுங்க."

முதல் பெயரிலேயே பச்சைப் பொட்டு இருந்தது.