எண்பது பேருக்குச் செய்த கை

மீனலோசினி சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள். மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்ததும் பக்கத்துத் தெருக் கிளினிக்குக்குப் போனாள். "மூலம்தாம்மா" என்று டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். எட்டு மாதத்தில் ஐந்து முறை போனாள். ஐந்து முறையும் அதே களிம்பு. ஒரு தடவைகூட அவளைப் படுக்க வைத்து, கையுறை போட்டுப் பரிசோதிக்கவில்லை.

உடம்பு பாதியான பிறகு தம்பி கோமதிநாதன் அவளை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். மலக்குடலில் புற்றுநோய் என்றார்கள். இரண்டு நாள் கழித்துப் போனபோது சர்ஜன் கம்ப்யூட்டரில் ஒரு வீடியோ காட்டினார்.

"ரோபோ சர்ஜரிம்மா. சின்னச் சின்னத் துளைதான். வியாழக்கிழமை பண்ணிரலாம்."

ஆபீசில் உடன் வேலை பார்க்கும் சங்கரபாண்டியனின் அப்பாவுக்கும் இதே நோய் வந்திருந்தது. என்னென்ன கேட்க வேண்டும் என்று சங்கரபாண்டியன் சொல்லி அனுப்பியிருந்தார்.

"எம்ஆர்ஐ எடுக்க வேண்டாமா சார்? மொதல்ல ரேடியேஷன் தேவைப்படுமா?"

"அதெல்லாம் நாங்க முடிவு பண்ணுவோம்."

"நீங்க எத்தன பேருக்கு இந்த ஆபரேஷன் செஞ்சிருக்கிய?"

சர்ஜன் அவளைப் பார்க்கவே இல்லை. தம்பியிடம் சொன்னார்: "உங்க அக்காவுக்கு நம்பிக்கை இல்லன்னா வேற இடம் பாத்துக்கோங்க."

வெளியே வந்ததும் கோமதிநாதன் சலித்துக்கொண்டான். "பெரிய டாக்டர்ட்ட இப்படியா கேக்குறது? ரோபோன்னா பிசகே வராதுல்லா, அக்கா."

"ஏலே, அறுக்கப் போறது என் வயித்த. எட்டு மாசம் வாய மூடிக்கிட்டு இருந்ததுக்குத்தான் இந்தக் கதி. இனி கேப்பேன்."

மறுநாளே திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே டாக்டர் மாரிசெல்வி முதலில் அவளைப் படுக்க வைத்து விரலால் பரிசோதித்தார். பிறகு எம்ஆர்ஐ எடுத்து, படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"குடலச் சுத்தி நாங்க அறுக்குற ஓரத்த ஒட்டிக் கட்டி நிக்குதும்மா. இப்பமே அறுத்தா மிச்சம் தங்கிரும். ரேடியேஷனும் கீமோவும் குடுத்துச் சுருக்கிட்டு, அப்புறம் எடுப்போம்."

"ரோபோ வேண்டாமா மேடம்?"

"ரோபோலயும் நல்லா செய்யலாம், துளை வழியா கேமரா விட்டுக் கையாலயே செய்ற லேப்ராஸ்கோப்லயும் நல்லா செய்யலாம். மிச்சமில்லாம எடுக்கணும், அதுதான் முக்கியம். அதுக்குக் கை பழகியிருக்கணும். லேப்ராஸ்கோப்ல நான் எண்பது பேருக்குச் செஞ்சிருக்கேன். அதுல எட்டுப் பேருக்கு நடுவுல வயித்தத் திறக்க வேண்டி வந்துச்சு. உங்களுக்கும் வரலாம். கொஞ்ச மாசம் மலம் போறதுக்கு வயித்துல பை மாட்டியிருக்கும். பை எடுத்த பொறவும் அடிக்கடி வெளிய போகத் தோணும்."

மீனலோசினிக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

"இதச் சொல்ல அஞ்சு நிமிஷங்கூட ஆகலியே மேடம். மதுரையில அவங்களுக்கு என்ன கேடு?"

ரேடியேஷன் முடிந்து ஆபரேஷனுக்குக் காத்திருந்த வாரங்களில் அவள் அந்தக் கிளினிக்குக்குப் போனாள். ஐந்து சீட்டையும் மேஜையில் வைத்தாள்.

"எம்மா, அறிகுறி அப்படித்தானே இருந்துச்சு" என்றார் டாக்டர்.

"உள்ள விரல வச்சுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். வரிசையில உக்காந்திருக்கவுகளையாவது தொட்டுப் பாருங்க."

"பேஷன்ட்டப் பயமுறுத்தாதீங்க."

"பயப்படட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதினாள். இன்றுவரை பதில் இல்லை.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் ஆயிற்று. வயிற்றைத் திறக்க வேண்டி வரவில்லை. எடுத்த கட்டியின் ஓரங்கள் சுத்தமாக இருந்ததாகப் பரிசோதனை முடிவு வந்தது. நாலு மாதம் கழித்துப் பையையும் எடுத்தார்கள்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் புதிதாக வந்திருந்த அதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன மேடம், சீட்லயே இருக்க மாட்டேங்குறீங்க?"

முன்பென்றால் தலையைக் குனிந்திருப்பாள். எழுந்து நின்றாள்.

"மலக்குடல்ல கேன்சர் சார். அறுத்து எடுத்திருக்கு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவ கக்கூசுக்குப் போகணும். போவேன்."

அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள்.