மீட்டருக்கு முன்னால் ஒரு ஒயர்

ரொட்டிக்கு மாவு பிசைந்து முடித்த ஜூரா, தொட்டியைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து, கோடையில் மட்டும் சமைக்கும் தனி அறையான கோடைச் சமையலறைக்குள் நுழைந்தாள். வெளியே மூக்கு நுனி விறைக்கும் குளிர். உள்ளே நெற்றி வியர்த்தது. சுவரோரம் இரும்பு அலமாரியில் ஆறு இயந்திரங்கள் காது அடைக்க இரைந்துகொண்டிருந்தன. அந்தச் சூட்டில் மாவு அரை மணி நேரத்தில் பொங்கிவிடும். துவைத்த துணி மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும்.

"இந்தச் சத்தத்துல மாடு மிரளுது. பால் பாதியாப் போச்சு" என்றாள், திரும்பி வந்து.

"மாடு கறக்கறத விட இதுங்க அதிகமாக் கறக்குதுடி" என்று சிரித்தான் அவள் கணவன் ஷைலூபெக். கைபேசியில் அன்றைய பிட்காயின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷைலூபெக் பதினாறு வருடம் மினிபஸ் ஓட்டியவன். சொந்த வண்டி. நாரின் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிறு ஊரிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு மலைப்பாதையில் ஆள் ஏற்றிப் போய்வருவான். பனிக்காலத்தில் கணவாயில் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டு முதுகு போய்விட்டது. அப்படி மாட்டிக்கொண்ட ஒருநாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயணி சொன்னான்: "வீட்லயே மெஷின் வைங்க அண்ணே. இருபத்துநாலு மணி நேரமும் அதுவே கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும், அதுக்குக் கூலியா காயின் வரும். நீங்க டீ குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கலாம்."

முதலில் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கினான். முதல் மாதம் கைபேசியில் எண்கள் ஏற ஏற மனமும் ஏறியது. மின்கட்டண ரசீது வந்ததும் இறங்கியது. வீடுகளுக்கு மாதம் இவ்வளவு என்று தரும் மலிவு விலை மின்சாரத்தை அந்த ஒற்றை இயந்திரம் ஒன்பது நாளில் தின்று தீர்த்திருந்தது. மிச்ச நாளெல்லாம் இரட்டிப்பு விலை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மாடே தேவலை.

மீட்டர் பார்க்க வரும் ஓமுர்குல் அந்த ரசீதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இப்படிப் பண்ணா யாருக்குமே கட்டுப்படி ஆகாது. கம்பத்துலேருந்து வர்ற லைன்ல, மீட்டருக்கு முன்னாலயே ஒரு ஒயர் எடுத்துடலாம். மீட்டர் அது பாட்டுக்குத் தூங்கும். மாசாமாசம் என்னைக் கவனிச்சா போதும்."

"மாட்டிக்கிட்டா?"

"பிடிக்கிறவனே நான்தானே!"

ஷைலூபெக் மினிபஸ்ஸை விற்றான். இன்னும் ஐந்து இயந்திரங்கள் வந்து இறங்கின. சத்தம் தெருவுக்குக் கேட்காமலிருக்கக் கோடைச் சமையலறை ஜன்னலை மெத்தையால் அடைத்தான்.

ஜனவரியில் பக்கத்து வீட்டு புருல் அவன் வாசலுக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும், தனியாள். ஊர்க் கோழிப்பண்ணையை மூடியபோது அங்கிருந்து அடைகாக்கும் மின்பெட்டிகள் இரண்டை மலிவாக வாங்கி வந்தவள். வருடாவருடம் மார்ச்சில் வரும் நூருஸ் பண்டிகைச் சந்தையில் குஞ்சுகள் விற்பாள். வருடத்துக்கான நிலக்கரியும் மாவும் அதில்தான்.

"தம்பி, உங்க வீட்ல கரண்ட் சரியா வருதா? எங்க வீட்ல பல்பு அழுது வடியுது. இப்படியே போனா பெட்டியில சூடு நிக்காது."

"எங்க வீட்லயும் அப்படித்தான் அக்கா" என்றான் ஷைலூபெக், கண்ணை வேறுபக்கம் திருப்பி. "பழைய டிரான்ஸ்ஃபார்மர். என்ன பண்றது."

அவள் மறு வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். அவன் அதையே சொன்னான். மூன்றாவது முறை ஜூரா வாய் திறக்கப் பார்த்தாள். அவன் முறைத்த முறைப்பில் கெட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தெருமுனையில் வெடிச்சத்தம் கேட்டது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கரும்புகை எழுந்தது. கோடைச் சமையலறையில் இரைச்சல் சட்டென்று நின்றது. மாதக்கணக்கில் அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு அந்த அமைதி பயமாக இருந்தது.

மறுநாள் காலை தெருவே அந்தக் கம்பத்தடியில் கூடியது. இருபத்திரண்டு வீடுகள். வீட்டைச் சூடாக்க மின்சார அடுப்பை நம்பியிருந்தவர்கள் பிள்ளைகளைப் போர்வையோடு நிலக்கரி அடுப்புள்ள வீடுகளில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மேலே ஏறிப் பார்த்த லைன்மேன் இறங்கி வந்து, "தாங்க முடியாத லோடு. யாரோ ஒருத்தர் வீட்ல ரொம்ப இழுத்திருக்காங்க. புதுசு வர ஒரு வாரமாவது ஆகும்" என்றான்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஓமுர்குல் தொண்டையைச் செருமினான்.

"நான் பேர் சொல்ல வேணாம்னு பாத்தேன். ஆனா இந்தத் தெருவுல ராப்பகலா பெட்டி ஓட்டறது யாருன்னு உங்களுக்கே தெரியும்."

அத்தனை தலைகளும் புருல் பக்கம் திரும்பின.

"என் பெட்டியா? ரெண்டும் சேந்து ஒரு கரண்ட் கெட்டில் அளவுகூட இழுக்காதே!" என்றாள் அவள்.

"கரண்ட் ஆபீஸ்காரரே சொல்றாரு, உனக்கு ரொம்பத் தெரியுமோ?" என்றாள் ஒருத்தி. "உன் கோழிக்குஞ்சுக்காக எம்புள்ளைங்க விறைக்கணுமா?" என்றான் இன்னொருவன்.

தெருத் தலைவர் சாத்தார் கையை உயர்த்தினார். "சண்டை வேணாம். புது டிரான்ஸ்ஃபார்மர் வர்றதுக்குள்ள அந்தப் பெட்டிங்களைக் கழட்டிடலாம். ஷைலூ, நீ பக்கத்து வீட்டுக்காரன், வேலை தெரிஞ்சவன். நீயே போய்க் கழட்டிடு."

தூரத்தில் நின்ற ஜூரா ஷைலூபெக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து அவன் ஸ்க்ரூடிரைவரைத் தேடும்போது, ஜூரா தானே எடுத்துவந்து கையில் கொடுத்தாள். "போ. கழட்டிட்டு வா. ஆம்பளைதானே நீ" என்றாள்.

அன்று அவன் போகவில்லை. மறுநாள் காலை சாத்தார் ஆள் அனுப்பிக் கேட்டபிறகு, வேறு வழியில்லாமல் போனான்.

புருலின் வீட்டில் நிலக்கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. கட்டில், தரை, மேசை எங்கும் கம்பளிகளும் மெத்தைகளும் விரிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே அறுநூறு முட்டைகள், சுற்றிலும் வெந்நீர் நிரப்பிய பாட்டில்கள். அவள் இரண்டு நாளாகப் படுத்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு பாட்டில் ஆறியதும் எடுத்துக் கொட்டி, மறுபடி வெந்நீர் நிரப்பி வைத்தபடி வளைய வந்துகொண்டிருந்தாள்.

"வா தம்பி, உக்காரு. பெட்டி ரெண்டும் அந்த மூலையில இருக்கு. எடுத்துக்கோ." அடுப்பிலிருந்து கெட்டிலை எடுத்துக் கிண்ணத்தில் டீ ஊற்றி அவனிடம் நீட்டினாள். "இன்னைக்கு இருபதாம் நாள். நாளைக்குப் பொரியணும். இங்க வந்து கேளேன்."

ஒரு முட்டையை எடுத்து அவன் காதருகே பிடித்தாள். ஓட்டுக்குள்ளிருந்து மெலிதாக ஒரு கீச்சுக்குரல் வந்தது.

"நேத்து வரைக்கும் நிறைய முட்டைல கத்துச்சு. இப்ப ஒண்ணு ரெண்டுலதான் கேக்குது" என்றாள். பிறகு தயங்கி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நானும் யோசிச்சுப் பாத்தேன் தம்பி. பெட்டி பழசு. ஒயர் எங்கயாவது பழுதாகி அதிகமா இழுத்திருக்குமோ என்னவோ. உன் வீட்டையும் இருட்டாக்கிட்டேன். மன்னிச்சுக்கோ."

ஷைலூபெக் டீக்கிண்ணத்தைத் தரையில் வைத்தான். எழுந்து நின்றான். மறுபடி உட்கார்ந்தான்.

"அக்கா, அது உங்க பெட்டி இல்ல. நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஆறு இயந்திரங்கள், கம்பத்து ஒயர், ஓமுர்குலுக்கு மாதாமாதம் போன லஞ்சம் எல்லாவற்றையும். அவள் முட்டையைக் கம்பளிக்குள் மெதுவாக வைத்தாள்.

"மூணு தடவை வந்தேனே" என்றாள். "மூணு தடவையும் உன் மூஞ்சியப் பாத்துதானே கேட்டேன்."

அவள் ஆறிப்போன ஒரு பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எந்திரி. இத எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம்னு பாக்காத. நேத்து எங்க வெச்சு என் பேரைச் சொன்னாங்களோ, அங்க போய்ச் சொல்லு."

அன்று நண்பகலில், கம்பத்தடியில் மறுபடி கூடிய தெருவுக்கு முன்னால் ஷைலூபெக் சொன்னான். ஓமுர்குல் "பொய்! எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கத்தினான். ஷைலூபெக் எல்லோரையும் அழைத்துப்போய்க் கோடைச் சமையலறைக் கதவைத் திறந்தான். மீட்டருக்கு முன்னாலேயே பிரிந்துபோகும் ஒயரைக் காட்டினான். அது ஓமுர்குல் கட்டிய முடிச்சு என்று லைன்மேனுக்கே தெரிந்தது. ஒருவன் ஷைலூபெக்கின் சட்டையைப் பிடித்தான். சாத்தார் விலக்கிவிடவில்லை. முந்தின நாள் புருலை ஏசியவள் மட்டும் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய், ஒரு கூடை நிலக்கரியோடு புருலின் வாசலில் போய் நின்றாள்.

அறுநூறில் எழுபத்தொரு குஞ்சுகள் பொரிந்தன.

இயந்திரங்கள் வாங்கிய விலையில் பாதிக்கும் போகவில்லை. வந்தது புது டிரான்ஸ்ஃபார்மருக்கும் அபராதத்துக்குமே சரியாக இருந்தது. ஓமுர்குலுக்கு வேலை போனது. புருலின் நஷ்டத்தைத் தவணையாகத் தருவதாக ஷைலூபெக் போய்ச் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. டீ குடிக்கவும் கூப்பிடவில்லை.

இப்போது அவன் வேறொருவரின் மினிபஸ்ஸைக் கூலிக்கு ஓட்டுகிறான். மே மாதம் ஒருநாள் கணவாயில் ஏறும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் ஒருவர் ஆர்வமாகக் கேட்டார்: "நீங்க வீட்ல பிட்காயின் மைனிங் மெஷின் வெச்சிருந்தீங்களாமே! அதுல லாபம் வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஷைலூபெக் கியரை மாற்றினான். வளைவைத் தாண்டினான்.

"ஒரே வார்த்தைல சொல்ல முடியாதுங்க" என்றான். "இழுக்கற கரண்டுக்கெல்லாம் நேர்மையா காசு கட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் மிஞ்சினா, அது லாபம். எனக்கு மிஞ்சல. ஆனா நான் மெஷினை நிறுத்தல, காசு கட்டறத நிறுத்தினேன். அன்னையிலேருந்து நான் லாபம்னு நெனச்சு எடுத்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட இருந்து திருடினது. என் தெருவுல இருபத்திரண்டு வீடு, எனக்குத் தெரியாத மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. அத்தனை பேர்கிட்டயும் திருடிட்டு, தினமும் அவங்களுக்கு வணக்கம் சொல்லிக்கிட்டிருந்தேன்."