பதினோராம் நிமிடத்துப் பீக்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது வேறு யாருமில்லை, மூத்தவளேதான். கொழுந்தன் பெண்டாட்டி படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று தன் ஆய்வுக்கூடத்திலேயே வேலை வாங்கிக் கொடுத்தாள். இரண்டே வருடம். இப்போது பிரிவுத் தலைமைப் பதவி பதினான்கு வருடம் உழைத்த தனக்கா, நேற்று வந்த ஓரகத்திக்கா என்று பேச்சு ஓடுகிறது.

எல்லாம் ஒரு பீக்கால் வந்த வினை. கடுகை நுணுக்கித் தண்ணீர் விட்டால் அதிலுள்ள பொருள் உடைந்து காரம் பிறக்கும். உடைந்ததைக் குரோமடோகிராஃப் இயந்திரத்தில் செலுத்தினால், ஒவ்வொன்றும் தன் தன் நேரத்துக்கு வெளியே வந்து தாளில் ஒரு கூம்பு போடும். அதுதான் பீக். இளையவளின் தாளில் பதினோராம் நிமிடத்தில், யாருமே பார்த்திராத ஒன்று.

"ஆள் குள்ளம்னு பாக்காதீங்க, கடுகு சிறுத்தாலும் காரம் குறையல" என்று இயக்குநர் சிரித்தார். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அப்புறம்தான் குறிப்பேட்டில் அதைப் பார்த்தாள். இளையவள் சாற்றை மெத்தனாலில் ஒரு நாள் முழுக்க விட்டு வைத்திருந்தாள். காரமும் மெத்தனாலும் அவ்வளவு நேரம் கூடிக் கிடந்தால், கடுகிலேயே இல்லாத ஒரு பொருள் தானாக உருவாகும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பீக்கைக் காட்டப்போகும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவளே போய் விழட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

நிச்சயப்படுத்திக்கொள்ள, திங்கட்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மெத்தனால் சேர்க்காமல் அதே கடுகை இயந்திரத்தில் ஓட்டினாள். பதினோராம் நிமிடம் வந்தது. பீக்கும் வந்தது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் வந்தது, சனியன். தாளை மடித்துக் கைப்பைக்கு அடியில் போட்டாள். அன்றும் இருவரும் ஒரே காரில்தான் வீடு திரும்பினார்கள். இளையவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை, வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒரே கேள்விதான் கேட்டார். "மெத்தனால் இல்லாம ஓட்டிப் பாத்தீங்களா?"

இளையவள் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தாள். "இல்லைங்க."

"அப்ப இது கடுகுல வந்தது இல்லம்மா. மெத்தனால்ல வந்தது."

இயக்குநர் கோப்பை மூடினார். மூத்தவள் ஐந்து நாளாகக் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் இருக்கிற பீக்கை இல்லை என்கிறார்களே, அதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. கை தானாகப் பைக்குள் போனது.

"நான் ஓட்டிப் பாத்தேன். பீக் இருக்கு."

எல்லோரும் தாள்மேல் குனிந்தார்கள். இளையவள் மட்டும் அதன் மூலையில் அச்சாகியிருந்த தேதியைப் பார்த்தாள்.

திரும்பும்போது காரில் பேச்சே இல்லை. வாசலில் வண்டி நின்ற பிறகுதான் இளையவள் கேட்டாள்.

"அக்கா, பீக் வராம இருந்திருந்தா இந்தத் தாள எப்ப காட்டியிருப்பீங்க?"

மூத்தவள் பொய் சொல்லப் பார்த்தாள். வரவில்லை.

"இன்னைக்குத்தான்" என்றாள். "எல்லார் முன்னாடியும்."

இளையவள் தலையாட்டிவிட்டு இறங்கினாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் பேருந்தில் போகிறாள்.